பாடசாலையில் யோசனை சொல்வார் யார்?

வில்லியனூர், பாகூர் முதலிய கொம்யூன்களைச் சேர்ந்த கிராமங்களில் பத்தாம் வகுப்பை முடிக்கும் ஒரு பிள்ளை, அடுத்தபடியாக எந்தப் பாடப் பிரிவை எடுப்பது என்று யாரிடம் போய்க் கேட்பது? தாய் தந்தையர் வயலிலோ, கட்டட வேலையிலோ, சேதராப்பட்டுத் தொழிற்சாலையிலோ உழைத்து வீடு திரும்புகிறவர்கள். பிள்ளையின் மீது அவர்களுக்குள்ள அன்பு குறைந்ததன்று. ஆயினும் நீட், சென்டாக், கட்-ஆப் என்ற சொற்கள் அவர்களுக்குப் புதிர்களாகவே இருக்கின்றன. உபாத்தியாயரோ பரீட்சைக்குள் பாடத்தை முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில் இருக்கிறார். ஆகவே, தோழன் எடுத்த பிரிவையே இவனும் எடுக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் போன கல்லூரிக்கே இவளும் போகிறாள். அரை நாழிகையில் முடிவாகிவிடும் இந்த விஷயம் ஓர் ஆயுட்காலத்து ஜீவனத்தை நிர்ணயித்து விடுகிறது.

மாணவர்களுக்கு வழிகாட்டவும், மனக்கலக்கம் நேரும்போது ஆலோசனை கூறவும் பாடசாலைகளில் ஓர் ஏற்பாடு வேண்டும் என்பது இன்று அலங்காரமான கோரிக்கையன்று. புதுவை அரசாங்கப் பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாறி, 2025-ல் அவ்வாரியத்தின் பொதுத் தேர்வை முதன்முறையாக எழுதின. அரசாங்கப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 10 சதவிகித உள் ஒதுக்கீடு 2023-ல் கிடைத்தது. இது பெரிய வாய்ப்பு, சந்தேகமில்லை. ஆனால் பதினோராம் வகுப்பில் உயிரியலை எடுக்கும்படி எவரும் சொல்லாமற் போன பிள்ளைக்கு இந்த ஒதுக்கீட்டினால் என்ன லாபம்? கதவைத் திறந்து வைத்துவிட்டு வழியைக் காட்டாமல் இருப்பது பாதி உதவியே ஆகும்.

மற்றொரு மாறுதலையும் மறத்தலாகாது. புதுவை நகரின் பஞ்சாலைகள் சுற்றுப்புறத்துக் கிராமங்களுக்குச் சோறு போட்ட காலம் ஒன்று இருந்தது. ஏ.எப்.டி. ஆலை 2020-ல் மூடப்பட்டதோடு அக்காலம் முடிந்தது. தகப்பனைத் தொடர்ந்து மகன் ஆலைக்குள் நுழைந்த பாதை அடைபட்டுவிட்டபடியால், புதிய பாதை எதுவென்று சொல்ல ஒருவர் வேண்டும். புதுவையின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற பாகூரின் உழவர் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் காரைக்காலிலுள்ள வேளாண்மைக் கல்லூரியைப் பற்றி உரிய காலத்தில் எடுத்துச் சொல்லப்படுகிறது?

இந்த யோசனை புதிதன்று. டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53-ல் கூடிய இடைநிலைக் கல்விக் கமிஷன் வழிகாட்டும் உத்தியோகஸ்தர்கள் வேண்டுமென்று கூறிற்று. 1964-66-ல் கோத்தாரி கமிஷன் இன்னும் தெளிவாகப் பேசிற்று: வழிகாட்டுதல் ஆரம்ப வகுப்பிலிருந்தே தொடங்கவேண்டும், உயர்நிலைப் பள்ளிகள் பத்துக்கு ஓர் ஆலோசகர் முறைவைத்துச் சென்று வரவேண்டும், எளிய காரியங்களில் உபாத்தியாயர்கள் அவருக்குத் துணை நிற்கவேண்டும் என்றது. அறுபது வருஷங்கள் கடந்துவிட்டன. யோசனையில் குறையில்லை; அதை நிறைவேற்றும் உறுதியில்தான் குறை.

இப்பொழுது நீதி ஸ்தலமே பேசிவிட்டது. விசாகப்பட்டினத்தில் நீட் பரீட்சைக்குப் படித்துவந்த 17 வயது மாணவி ஒருத்தியின் மரணம் பற்றிய வழக்கில், 2025 ஜூலை 25-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு பிறப்பித்த வழிகாட்டு நெறிகளின்படி, 100 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி ஸ்தாபனம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற ஆலோசகரோ, உளவியலாளரோ, சமூகப் பணியாளரோ ஒருவரையேனும் அமர்த்திக்கொள்ள வேண்டும். சிறிய பள்ளிகள் வெளியிலுள்ள நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர்களுக்கு வருஷத்தில் இருமுறையாவது பயிற்சி அளிக்கவேண்டும். எனவே, ஏற்பாடு வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் தீர்ந்தது. எப்படிச் செய்வது என்பதே இனிக் கேள்வி.

எப்படிச் செய்யலாகாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். தேர்வு முடிவு வெளியான பின் நகரத்து மண்டபத்தில் ஒரு நாள் கூட்டம் போட்டு, பிரசங்கம் செய்து, துண்டுப் பிரசுரம் கொடுத்து அனுப்புவது வழிகாட்டுதல் ஆகாது. தேகப்பயிற்சி ஆசிரியரையோ, பாடவேளை குறைந்த மற்றொருவரையோ பிடித்து 'ஆலோசகர்' என்று பெயர்ப்பலகை மாட்டுவதும் ஆகாது. உத்தரவு நிறைவேறியதாகக் காகிதம் சொல்லும். பிள்ளையின் கேள்வி கேள்வியாகவே நிற்கும்.

முதல் வேலை விசாரணை. ஒவ்வொரு பள்ளியிலும் எத்தனை பேர் இடையில் நின்றனர், எந்த வகுப்பில் நின்றனர், பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர்கள் இன்று என்ன செய்கின்றனர் என்ற கணக்கை எடுக்கவேண்டும். மாணவர்களையும் பெற்றோர்களையும் கேட்கவேண்டும். சாராயக்கடையினால் சீரழிந்த வீட்டுப் பிள்ளைக்கு வேண்டுவது வேறு. பஸ் வசதி இல்லாததால் படிப்பை விடும் பெண்ணுக்கு வேண்டுவது வேறு. மதிப்பெண் குறைந்ததென்று உறக்கமிழந்தவனுக்கு வேண்டுவது வேறு. இவற்றை அறியாமல் தீட்டும் திட்டம் நோயறியாமல் கொடுக்கும் மருந்தாகும்.

இரண்டாவது, ஆள். பெரிய மேல்நிலைப் பள்ளிகளுக்குத் தனி ஆலோசகர் வேண்டும். சிறிய பள்ளிகளுக்குக் கோத்தாரி கமிஷனின் முறை இன்றும் பொருந்தும். பத்துப் பள்ளிகளுக்கு ஒருவரானால், வாரத்தில் ஐந்து நாளில், நாளொன்றுக்கு இரண்டாக, ஒவ்வொரு பள்ளிக்கும் வாரம் அரை நாள் கிடைக்கும். அந்த அரை நாள் எதுவென்று பிள்ளைகளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர் இருந்து இடைப்பட்ட நாட்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஈடாக அவருடைய பாடவேளையைக் குறைப்பதே நியாயம்.

மூன்றாவது, காலம். எட்டாம் வகுப்பில் தன் திறமையை அறிதல், ஒன்பதில் தொழில்களை நேரில் பார்த்தல், பத்தில் பாடப் பிரிவைத் தெரிந்தெடுத்தல், அதன் பின் விண்ணப்பம், உபகாரச் சம்பளம், நுழைவுத் தேர்வு என்று படிப்படியாகச் செல்லவேண்டும். பாகூரின் எல்லையைத் தாண்டினால் கடலூர்; வில்லியனூருக்கு அப்பால் விழுப்புரம் ஜில்லா. ஆகையால் இங்குள்ள ஆலோசகர் இரண்டு ராஜ்யங்களின் சேர்க்கை விதிகளையும் அறிந்தவராயிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் அனுபவத்தையும் கேட்டறிவதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

நான்காவது, நம்பிக்கை. பிள்ளை சொன்னது ஊர் வம்பாக மாறுமாயின், மறுநாள் அந்த அறைக்கு ஒருவரும் வரமாட்டார்கள். ரகசியம் காக்கப்படவேண்டும். ஆனால் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்று கண்டால் வாளாவிருத்தல் கூடாது. பாலியல் கொடுமையாயின் 2012-ம் வருஷத்துப் போக்ஸோ சட்டப்படி தெரிவித்தே தீரவேண்டும். இந்த வரம்பை ஆரம்பத்திலேயே பிள்ளைக்குச் சொல்லிவிடவேண்டும். கடினமான நிலைமைகளை ஜிப்மர் போன்ற ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் வழியும் முன்கூட்டி வகுக்கப்பட வேண்டும். டெலி-மானஸ் 14416, குழந்தைகள் உதவி 1098 என்ற எண்கள் ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும் எழுதப்படட்டும். ஆனால் சுவரிலுள்ள எண் மனிதருக்குப் பதிலாகாது.

ஆலோசகரிடம் போனால் 'பைத்தியம்' என்பார்கள் என்று கிராமத்துப் பெற்றோர் அஞ்சுவதுண்டு. முதல் மதிப்பெண் பெற்றவனும் போகவேண்டிய இடம் அது என்று ஆக்கிவிட்டால் அந்த அச்சம் தானே அகலும். மேல்படிப்பு விசாரிக்க வருபவனும் துயரம் சொல்ல வருபவளும் ஒரே வாசலில் நுழையட்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். பாகூரில் கிடைத்த பல்லவர் செப்பேடு அதற்கு விடை கூறுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் காலத்தில், அவ்வூர் வித்யாஸ்தானம் தடையின்றி நடப்பதற்காக மூன்று கிராமங்கள் மானியமாக விடப்பட்டன. கல்விக்குக் கொடுப்பது வருஷந்தோறும் கையேந்தும் பிச்சையாக இருக்கலாகாது, நிலைத்த வருமானமாக இருக்கவேண்டும் என்று அன்றே அறிந்திருந்தனர். பதினோரு மாத ஒப்பந்தத்தில் வந்து, பிள்ளைகளின் பெயரை அறியுமுன் போய்விடும் ஆலோசகரால் பயனில்லை. நிரந்தரப் பதவியும் நிச்சயமான சம்பளமும் வேண்டும்.

புதுவை சர்க்கார் இவ்விரண்டு கொம்யூன்களிலும் விசாரணையை உடனே தொடங்கி, அடுத்த பள்ளி வருஷத்துக்குள் ஆட்களை நியமிக்க வேண்டுமென்று வற்புறுத்துகிறோம். கொம்யூன் பஞ்சாயத்துக்களும் பெற்றோர்களும் இதைக் கேட்டுப் பெறவேண்டும். புத்தகமும் சீருடையும் கொடுத்த அரசாங்கம், பிள்ளை சொல்வதை உட்கார்ந்து கேட்க ஓர் ஆளையும் கொடுக்கட்டும்.