ஆர்எக்ஸ் 100-ம் பழைய ஜரிகைப் புடவையும்

யமஹா ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் நம்ம காந்தி ரோட்டில் அந்த வண்டி ஒன்று போனால், பட்டுக்கடை வாசலில் நிற்கிற ஆள் முதல் டீக்கடைப் பையன் வரை திரும்பிப் பார்க்கிறார்கள். சத்தத்தை வைத்தே என்ன வண்டி என்று தெரிந்துவிடும். அதைக் கேட்டதும் நம் வயதுக்காரர்கள் பலருக்கு வலது கை தானாகவே ஒரு முறுக்கு முறுக்கும்.

“மாமா, உங்களுக்குப் பிடிச்சது வண்டி இல்ல, உங்க இருபத்தஞ்சு வயசு” என்று என் மருமகன் கிண்டல் செய்வார். பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

வெறும் வயசு நினைப்பு என்றால், அதே காலத்தில் ஓடிய எல்லா வண்டி மேலும் அந்தப் பாசம் இருக்க வேண்டும். இல்லையே. 1996-க்கு அப்புறம் பிறந்த பையன்களும் இதைத் தேடி அலைகிறார்களே, அவர்களுக்கு எந்தப் பழைய நினைப்பு? 2018-ல் தெலுங்கில் ஒரு படத்துக்கே ‘ஆர்எக்ஸ் 100’ என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பைக் என்றால் திருவொற்றியூரில் செய்த புல்லட், மைசூரிலிருந்து வந்த எஸ்டி, இல்லாவிட்டால் ராஜ்தூத். ஸ்கூட்டர் வேண்டுமென்றால் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எண்பதுகளில் ஜப்பான் கம்பெனிகளோடு கூட்டுச் சேர அரசு அனுமதித்தது. 1984-ல் நம்ம ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி வந்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டாவின் சிடி 100 வந்தது. அதே 1985 கடைசியில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி ஆர்எக்ஸ் 100-ஐக் கொண்டுவந்தது. முதலில் வந்த வண்டிகளுக்குப் பாகங்கள் ஜப்பானிலிருந்து வந்து இங்கே கோக்கப்பட்டன. கவாசாகியும் பஜாஜோடு சேர்ந்து வந்தது. ஹோண்டா மைலேஜைச் சொல்லி விற்றது. யமஹாவுக்கு அப்படி எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தவன் வாங்கிவிடுவான்.

காரணம் எளிது. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத் திறன், எடை சுமார் 100 கிலோ. அன்றைய புல்லட் 350-க்கு 18 குதிரைத் திறன், எடை 160 கிலோவுக்கு மேல். எடையால் வகுத்துப் பாருங்கள், இரண்டும் ஏறத்தாழ ஒரே கணக்குக்கு வரும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் நெருப்பு பற்றும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் பற்றும். சின்ன உடம்பில் அவ்வளவு துடிப்பு வந்தது அதனால்தான்.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. யமஹா என்பது முதலில் ஆர்மோனியத்தின் உறவுக்காரக் கம்பெனி. 1887-ல் தொராகுசு யமஹா என்பவர் ரீட் ஆர்கன் செய்து தொடங்கியது. பெட்ரோல் டேங்கில் பார்க்கிறோமே அந்தச் சின்னம், அது சுருதி பார்க்கிற மூன்று இசைக் கவைகள். மோட்டார் கம்பெனி தனியாகப் பிரிந்தது 1955-ல். ஆர்எக்ஸ் 100 எஞ்சினுக்குள்ளும் ஒரு ரீட் இருக்கிறது. கார்புரேட்டரிலிருந்து வரும் பெட்ரோல் காற்றை உள்ளே விட்டு, திரும்பி வராமல் மூடிக்கொள்ளும் மெல்லிய தகடு. பஜனை மடத்து ஆர்மோனியத்தில் காற்று பட்டு அதிரும் தகட்டுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் வேகமும் சத்தமும் மட்டும் இத்தனை வருஷம் பிடித்து வைத்திருக்காது. என் கருத்து இதுதான்: இது நம்மைத் தன் உள்ளே கை வைக்க விட்ட வண்டி. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கேம் இல்லை, டைமிங் செயின் இல்லை. பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க், அவ்வளவுதான் முக்கியமாக அசைகிறவை. பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தே எஞ்சின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லலாம். சைலன்சர் அடைத்தால் உள்குழாயை உருவி, கரியைச் சுட்டுத் தட்டிவிட்டுத் திரும்பப் போடலாம். பிஸ்டன் தேய்ந்தால் சிலிண்டரை போர் பண்ணி ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டால் மறுபடியும் புது எஞ்சின். மரத்தடியில் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் எஞ்சினையே பிரித்துக் கோத்த மெக்கானிக்குகள் நம் ஊரில் இருந்தார்கள். சிலர் இன்னும் இருக்கிறார்கள்.

பிள்ளையார்பாளையத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தறியில் எந்தக் கட்டை ஏன் அசைகிறது என்று நெசவாளிக்குத் தெரியும். இழை அறுந்தால் அவரே முடிச்சுப் போடுவார், விழுது தளர்ந்தால் அவரே சரிசெய்வார். தன் கையால் சீர்செய்யக்கூடிய பொருள் மேல் வருகிற பாசம் வேறு. இன்றைய வண்டியில் ஒரு விளக்கு எரிந்தால் கம்ப்யூட்டரில் மாட்டித்தான் என்ன கோளாறு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு குறையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. டூ ஸ்ட்ரோக் வண்டி ஆயிலையும் சேர்த்து எரிக்கும். எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு புகையோடு அப்படியே வெளியே போகும். 1996-ல் மாசு விதிகள் கடுமையானபோது இந்த வண்டி நின்றது சரிதான். இன்று நம் மாவட்டத்திலேயே, வல்லம் வடகாலில், 2015 முதல் யமஹா தொழிற்சாலை இயங்குகிறது. அங்கிருந்து பழைய ஆர்எக்ஸ் 100 திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். மருத்துவமனை வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் ஆயிரம் டூ ஸ்ட்ரோக் புகைந்துகொண்டு நின்ற காலம் போனதே நல்லது.

எனக்கு ஆதங்கம், மிச்சமிருக்கிற வண்டிகளுக்கு நடப்பதைப் பார்த்துத்தான். ஒரு பக்கம், பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்து லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். வாங்கியவர் வரவேற்பறையில் நிறுத்திவிடுகிறார், ஓட்டுவதே இல்லை. இன்னொரு பக்கம், பையன்கள் சைலன்சரை அறுக்கிறார்கள், ஹேண்டிலை மாற்றுகிறார்கள், சேசிஸிலேயே கை வைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியை இப்படி மாற்றக்கூடாது என்கிறது. ராத்திரி பத்து மணிக்கு ராஜ வீதியில் அந்தச் சத்தத்தைக் கேட்டால் படுத்திருக்கும் கிழவர்கள் யாரும் யமஹாவை வாழ்த்த மாட்டார்கள்.

நம் தெருக்களில் “பழைய பட்டுப்புடவை, ஜரிகை வாங்குறது” என்று குரல் கொடுத்து வருவார்களே, ஞாபகம் இருக்கிறதா? பாட்டியின் கல்யாணப் புடவையை எடை போட்டு வாங்கிப் போவார்கள். பட்டை எரித்துவிட்டு வெள்ளியை மட்டும் எடுப்பார்கள். உடலையும் கரையையும் பிடித்துக் கோர்வை போட்ட அந்த வேலைக்குத் தராசில் எடை கிடையாது. எத்தனை வீடுகளில் அப்படி உருகிப் போனது! இன்னும் சில வீடுகளில் புடவை பீரோவுக்குள்ளேயே இருந்து மடிப்பு மடிப்பாக இற்றுப் போனது. பிழைத்தது எது தெரியுமா? வருஷத்துக்கு இரண்டு தரம் எடுத்துக் கட்டி, நிழலில் காயவைத்து, மடிப்பை மாற்றி வைத்த புடவைதான்.

ஆர்எக்ஸ் 100-க்கும் அதுதான் வழி. உருக்கவும் வேண்டாம், பீரோவில் பூட்டவும் வேண்டாம். ஒரிஜினலாக வைத்து, மாதத்துக்கு ஒருமுறை ஓரிக்கை வரையோ வாலாஜாபாத் வரையோ ஓட்டிவிட்டு வர வேண்டும். மாதம் முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓடுகிற சில வண்டிகளால் ஊர்க்காற்று கெட்டுவிடாது.

இதற்குச் சட்டமும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். 15 வருஷம் ஆனால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1000 ஆனது. 20 வருஷம் தாண்டிய பைக்குக்கு 2025-ல் 2000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. கட்டணத்தைக்கூட நான் குறை சொல்லவில்லை. 2021-ல் மத்திய அரசு ‘விண்டேஜ்’ வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது, நல்ல காரியம். ஆனால் அதற்கு வண்டிக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். முப்பது, நாற்பது வயது வண்டி, தினசரி சவாரிக்கும் சேராமல் பாரம்பரியத்துக்கும் சேராமல் நடுவில் நிற்கிறது.

அந்த நடுவயது வண்டிகளுக்கென்று ஒரு வகை இருந்தால் என்ன? மாற்றம் செய்யாத வண்டி, வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்ற வரம்பு, ஒழுங்கான புகைச் சோதனை. அதில் தேறாவிட்டால் ரோட்டுக்கு வரவேண்டாம், சரி. தேறினால் நியாயமான கட்டணத்தில் விடட்டும். சைலன்சரை அறுத்தவனுக்கு இந்தச் சலுகை கிடையாது என்றால், அறுப்பதும் குறையும். இன்று ஒழுங்காக வைத்திருப்பவருக்கும் வெட்டிக் கூறுபோட்டவருக்கும் கட்டணத்தில் வித்தியாசமே இல்லை.

சட்டம் வரும்வரை நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. வாங்கவரும் பையனிடம் விலை பேசும் முன் என்ன செய்யப் போகிறான் என்று கேளுங்கள். பழைய மெக்கானிக் யாராவது இன்னும் வேலை செய்தால், பேரனை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் கைக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் முழுசாக இல்லை.

முதலில் வந்த ஆர்எக்ஸ் 100-க்கு 2035-ல் 50 வயது நிறையும். அன்றைக்கு நம் ஊரில் எத்தனை முழு வண்டி மிஞ்சும் என்பதை இப்போது சாக்குப்பைக்கு அடியில் ஒன்றை வைத்திருப்பவர்கள்தான் தீர்மானிக்கப் போகிறார்கள். உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் அப்படி ஒன்று இருந்தால், இந்த வாரமே ஆர்.சி. தேதியைப் பாருங்கள். பிறகு பிளக்கைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒரு உதை உதைத்துப் பாருங்கள்.