அமைதிப் பாடம் யாருக்கு?

திருவாலங்காட்டுப் பிள்ளைகளுக்கு நீலி கதையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழையனூர் பக்கத்திலேயே இருக்கிறது. வணிகன் ஒருவனைத் தன் புருஷன் என்று நீலி வழக்காடுகிறாள். அவன் பயந்து நடுங்குகிறான். 'நீ போ, உன் உயிருக்கு நாங்க பிணை' என்று வேளாளர் 70 பேர் வாக்குக் கொடுக்கிறார்கள். அவன் செத்துப் போகிறான். சொன்ன சொல்லுக்காக 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள். (புருஷன் கையால் செத்த பெண்ணைப் பேயாக்கி, செத்த ஆண்களை மட்டும் சான்றோராக்கிய கதை இது. அதைத் தனியாகப் பேசவேண்டும்.) சொன்ன சொல் தவறாமைதான் பெரிய மனுஷனுக்கு அழகு என்று இந்த மண் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறது. சரி, நமக்குக் கொடுத்த சொல்லை யார் காப்பாற்றினார்கள்?

சேரிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிற மாணவத் தோழர்கள் இந்தக் கேள்வியோடுதான் அகிம்சைப் பாடத்தைத் தொடங்கவேண்டும். அக்டோபர் 2 வந்தால் பள்ளிக்கூடத்தில் நடப்பது நமக்குத் தெரியும். அமைதித் தலைவர்களின் பண்புகள் என்று கரும்பலகையில் எழுதிப்போடுவார்கள்: பொறுமை, மன்னிப்பு, சகிப்பு. ஊர்த்தெருப் பையனும் அதை எழுதிக்கொள்கிறான், சேரிப் பையனும் எழுதிக்கொள்கிறான். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பொறுத்துக்கொண்டு கிடப்பவனுக்குப் போய்ப் பொறுமையைப் பாடமாக வைப்பது கேலி. 'அடிச்சா திருப்பி அடிக்கக் கூடாதா சார்?' என்று அவன் கேட்டால், அந்தப் பட்டியலில் பதில் கிடையாது.

பதில் மகத்தில் இருக்கிறது.

அங்கேயும் ஒரு சொல் கொடுக்கப்பட்டிருந்தது. பொதுப்பணத்தில் நடக்கிற குளம், கிணறு, பள்ளிக்கூடம் தீண்டப்படாதாருக்கும் உண்டு என்று எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தைப் பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் ஏற்றது. சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக மகத் நகராட்சி 1924இல் தீர்மானம் போட்டது. எல்லாம் காகிதத்தில். முசுலிமும் கிறித்துவரும் மொண்டு குடித்த குளத்தில் நம் மக்கள் கை வைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் முன்னே நடக்க, ஆயிரக்கணக்கானோர் வரிசையாகப் போய் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார்கள். சட்டத்தை மீறவில்லை. சட்டம் சொன்னதைச் செய்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டு மணி நேரம் ஆகவில்லை. 'கோயிலுக்குள்ளயும் நுழையப் போறாங்க' என்று வதந்தி கிளப்பிச் சாதி இந்துக்கள் பந்தலில் புகுந்து அடித்தார்கள். சமைத்து வைத்த சோற்றை மண்ணில் கொட்டினார்கள். வந்திருந்தவர்களில் படையில் இருந்து ஓய்வுபெற்ற மகர்கள் பலர். துப்பாக்கி பிடித்த கைகள். அம்பேத்கர் தங்கியிருந்த பங்களாவில் கூடி, ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. திருப்பி அடிக்கத் தெம்புள்ள கூட்டத்தைத் தடுத்து நிறுத்தினார். வழக்குப் போட்டார்கள், அடித்தவர்களில் ஐந்து பேருக்கு நான்கு மாதக் கடுங்காவல் கிடைத்தது. சாதி இந்துக்களோ சாணம், கோமியம் கலந்த 108 குடம் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். நகராட்சி தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. இதுதான் அவர்கள் காப்பாற்றிய சொல்.

டிசம்பரில் மறுபடி கூடினார்கள். பந்தல் போடச் சாதி இந்துக்கள் இடம் தரவில்லை, முசுலிம் ஒருவர் கொடுத்தார். பந்தலில் இருந்த ஒரே படம் காந்தி படம் என்று தனஞ்சய் கீர் எழுதுகிறார். நம்மில் பலருக்கு இது உறுத்தும், உறுத்தட்டும். காந்தியிடம் அம்பேத்கருக்கு ஏற்பட்ட கசப்பு 1932 பூனா ஒப்பந்தத்தில் முற்றிய கதை. மகத்தின்போது பந்தலில் அவர் படம் இருந்ததும் வரலாறுதான். டிசம்பர் 25 இரவு மனுஸ்மிருதியை எரித்தார்கள். நீதிமன்றத் தடை இருந்ததால் குளத்துக்குப் போவதைத் தள்ளிவைக்கும்படி கூட்டத்தைச் சம்மதிக்க வைத்தார் அம்பேத்கர். கொதித்து நின்றவர்களிடம் அதைச் சொல்லத் தைரியம் வேண்டும். தீர்ப்பு வந்தது 1937 மார்ச்சில், பம்பாய் உயர்நீதிமன்றத்தில். பத்து வருசம்!

ஆக, அகிம்சை என்பது வாங்கிக்கொண்டு சும்மா கிடப்பதல்ல. உரிமையை நாமே போய் எடுப்பது, எடுக்கையில் கையைக் கட்டுப்படுத்துவது, பிறகு விடாமல் துரத்துவது. இதற்குப் பயிற்சி வேண்டும். நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் 1953 முதல் மூன்று வருசம் வேலை பார்த்துத் திரும்பிய ஜேம்ஸ் லாசன் என்ற கறுப்பினப் பாதிரியார், அமெரிக்காவின் நாஷ்வில்லில் மாணவர்களுக்கு அந்தப் பயிற்சியைக் கொடுத்தார். ஒருவரை ஒருவர் திட்டி, தள்ளி, ஒத்திகை பார்த்தார்கள். வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவுக்கடை இருக்கைகளில் 1960 பிப்ரவரியில் போய் உட்கார்ந்தார்கள். அடி வாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள். மே மாதம் கடைகள் வழிக்கு வந்தன.

இன்னொரு பாதியையும் சொல்லவேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் மாணவன் ஒருவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது, மாணவர் கையில் கட்டும் சாதிக் கயிறைத் தடைசெய்யச் சொன்னது. கயிறை அறுக்கலாம். அதைக் கட்டி அனுப்புகிற வீட்டுக்கு யார் பாடம் எடுப்பது? அரிவாள் தூக்கியவன் படித்த பள்ளியிலும் அக்டோபர் 2க்குப் பொறுமையைப் பற்றிப் பேசித்தான் இருப்பார்கள். அகிம்சை முதலில் ஊர்த்தெருவுக்கான பாடம். மகத்தில் மனுஸ்மிருதியை எரிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்த சகஸ்ரபுத்தே பார்ப்பனராகப் பிறந்தவர். அவர் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஊர்த்தெருப் பிள்ளைகளையும் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். வராவிட்டால் திரும்பக் கூப்பிடுங்கள்.

மகத்தைச் சொல்லும்போது படம் போட்டுச் சொல்லுங்கள்: குளம் எங்கே, பந்தல் எங்கே, எந்த வழியாக நடந்தார்கள் என்று. பிறகு சாக்பீசைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள். அவங்க ஊர்க் கிணறு, டீக்கடை, கோயில் வாசல், சுடுகாட்டுப் பாதை எல்லாம் அவங்களே வரையட்டும். எதுவரைக்கும் போகலாம், எங்கே நிக்கணும் என்று கோடு போடட்டும்.