ஷட்டரை இறக்கியபின் வைக்கும் நெருப்பு



இரவு கணக்கு முடித்து ஷட்டரை இறக்கியபின் நம்மில் பலருக்குக் கடைசி வேலை ஒன்று உண்டு. பகலில் சேர்ந்த குப்பையைக் கடைக்குப் பின்னால் தள்ளித் தீ வைப்பது. ஒலக்கூரில் மொத்த வியாபாரம் செய்யும் நாங்களும் பல ஆண்டுகள் அதையே செய்தோம். அந்தக் காலத்தில் குப்பை என்றால் காகிதம், சணல், வாழைச்சருகு. இன்று ஷாம்பு பாக்கெட், பிளாஸ்டிக் சாக்கு, அறுந்த வயர், சிந்திய உப்பு எல்லாம் ஒன்றாக எரிகின்றன.

இப்படி எரியும்போது டையாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. வயரின் மேலுறையான பிவிசியிலும், உப்பிலும் குளோரின் இருக்கிறது. அது அரைகுறையாக எரிந்த கரியோடு சேர்ந்து இந்த நஞ்சாகிறது. வயரிலுள்ள செம்பு அதற்குத் துணைபோகிறது. முறையான எரிஉலைகளில் 850 டிகிரிக்கு மேல் சூடேற்றி, புகையை வேகமாகக் குளிரவைத்து, வடிகட்டி விடுகிறார்கள். நம் நெருப்புக்கு உலை ஏது, வடிகட்டி ஏது?

டையாக்சின்களில் மிகக் கொடியது புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-லேயே அறிவித்துவிட்டது. உடலில் சேர்ந்தது பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும்.

‘புகைதானே, காற்றோடு போய்விடும்’ என்பார்கள். போவதில்லை. புல்லிலும் வைக்கோலிலும் படிகிறது. மாடு தின்கிறது. பாலின் கொழுப்பில் சேர்கிறது. மனிதருக்குச் சேரும் டையாக்சினில் 90 சதவீதத்துக்கு மேல் உணவு வழியாகத்தான் வருகிறது. சென்னை பெருங்குடி குப்பைமேட்டு மண்ணில் டையாக்சின் இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு வந்த ஆய்வில், நம் நாட்டுக் குப்பைமேட்டை ஒட்டிய பகுதியில் மாட்டுப் பாலிலும் தாய்ப்பாலிலும் அது கூடுதலாக இருந்தது.

நம் குப்பை அவ்வளவு பெரியதல்ல என்பது உண்மைதான். ஆனால் எல்லாக் கடையும், எல்லா இரவும் என்று கூட்டிப் பாருங்கள். நம் பக்கத்தில் கடைக்குப் பின்னாலேயே மாடு கட்டியிருக்கிறார்கள். அந்தப் பால்தான் காலையில் நம் பேரப்பிள்ளைகளின் டம்ளருக்கு வருகிறது. பருப்பில் கல் கலப்பவனை நாம் வியாபாரி என்று ஒப்புக்கொள்வதில்லை. இதுவும் ஒரு கலப்படமே, தெரியாமல் செய்வது.

குப்பை வண்டி வராத நாளில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுங்கள், காசும் வரும். பாக்கெட், வயரை ஒரு சாக்கில் தனியே கட்டி வைத்துத் தூய்மைக் காவலரிடம் கொடுங்கள். நான்கு நாள் கிடந்தாலும் அது அழுகாது. வாடிக்கையாளரை மஞ்சள் பை கொண்டுவரச் சொல்லுங்கள். திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டதையும் மறக்க வேண்டாம்.

அபராதத்துக்குப் பயந்து அல்ல, நம் பிள்ளைகளுக்காக இதைச் செய்வோம். இன்றிரவு முதல் கடையின் தீப்பெட்டி சாமி விளக்குக்கு மட்டுமே என்று முடிவெடுப்போம்.