கலியாணத்துக்கு எது சாட்சி?

அமெரிக்கப் பிரஜையான ஒருவரை மணந்து அந்நாட்டில் குடியேறப் போகிறவர்களை அந்த சர்க்கார் சும்மா விட்டுவிடுவதில்லை. மனுவும் தஸ்தாவேஜுகளும் வாங்கிக்கொண்டு, கடைசியில் ஓர் அதிகாரி முன் நிறுத்தி, நீங்கள் மெய்யாகவே புருஷன் பெண்சாதிதானா, அல்லது குடியேறுவதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடா என்று விசாரிக்கின்றது. இது தப்பென்று நாம் சொல்ல வரவில்லை. பொய்க் கலியாணங்களைத் தடுக்க 1986-இல் அங்கு தனிச் சட்டமே செய்தார்கள். அப்படிச் செய்தவர்களுக்கு 5 வருஷம் வரை சிறையும், 2,50,000 டாலர் வரை அபராதமும் உண்டு.

ஆனால், இந்த விசாரணைக்கு நம்மவர்கள் செய்யும் ஏற்பாடு என்ன? ஜோசியனிடம் நாள் கேட்கிறார்கள். ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூரில் 'விசா பாலாஜி' என்றே பட்டம் பெற்ற ஒரு சாமி இருக்கின்றது. 11 சுற்றுச் சுற்றி வேண்டிக்கொள்வதாம். காரியம் முடிந்தால் திரும்பி வந்து 108 சுற்றாம். அந்தச் சாமி எந்தத் தூதராலயத்தில் எப்போது உத்தியோகம் ஏற்றது என்று கேட்கின்றோம். காகிதத்தில் தேதி தவறாயிருந்தால் ஆயிரம் சுற்றுச் சுற்றினாலும் அது திருந்துமா?

அதிகாரி கேட்பதெல்லாம் சாதாரண சங்கதிகள். பிறப்புச் சான்று, போலீஸ் சான்று, பதிவு செய்த விவாகச் சான்று, வைத்தியப் பரிசோதனை, மனுச் செய்தவர் காப்பாற்றுவதாக எழுதிக்கொடுக்கும் உறுதிப் பத்திரம், அவருடைய வருமானவரிக் கணக்கு. இவற்றோடு, சேர்ந்து வாழ்வதற்கு ருஜுவாக இருவர் பேரிலுமுள்ள வீட்டு வாடகைப் பத்திரம், பாங்கிக் கணக்கு, சொத்து, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, தெரிந்தவர்களின் சாட்சிப் பத்திரம். பிரிந்திருக்கிறவர்களானால் பிரயாணச் சீட்டும், பேசிக்கொண்ட விவரமும், படங்களும். ஓமப்புகைக்கோ, பொருத்தம் பார்த்த ஓலைக்கோ இதில் இடமில்லை.

இப்போது நமது பெரிய மனிதர்கள் வீட்டு வேடிக்கையைக் கேளுங்கள். காகிதம் சீக்கிரம் வேண்டுமென்பதற்காக ஆடி மாதத்தில் பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பிறகு ஊராரிடம், 'அது வெறும் ரிஜிஸ்டர்தான், கலியாணம் தை மாதம்' என்கிறார்கள். பெண்ணையும் பிரித்தே வைக்கிறார்கள். அதிகாரி, 'உங்களுக்குக் கலியாணம் எப்போது?' என்றால் அந்தப் பெண் எதைச் சொல்லும்? தை மாதத் தேதியைச் சொன்னால் காகிதம் பொய்யாகிறது. ஆடி மாதத் தேதியைச் சொன்னால், 'ஏன் சேர்ந்து வாழவில்லை?' என்ற அடுத்த கேள்வி வருகின்றது. புரோகிதனுடைய முகூர்த்தத்துக்குக் கொடுத்த மரியாதையை சட்டத்துக்குக் கொடுத்திருந்தால் இந்தத் திண்டாட்டம் வருமா? சர்க்கார் ஏட்டில் எழுதினது கலியாணமில்லை, நெருப்பைச் சுற்றினதுதான் கலியாணம் என்கிற முட்டாள்தனம் அங்கே போய் இடிக்கின்றது.

நிற்க, நம் தோழர் ஒருவர் வேறு கவலையோடு எழுதியிருக்கின்றார். அவருடையது ஜாதி விட்டுச் செய்த சுயமரியாதைத் திருமணம். மாலை மாற்றினார்கள், அவ்வளவுதான். இருதரப்புப் பெற்றோரும் வரவில்லை. படத்தில் தாய் தகப்பன் இல்லையே, அதிகாரி நம்புவாரா என்கின்றார். கவலை நியாயமானதே. 1953-இல் நம் சென்னை ஹைகோர்ட்டே இத்தகைய திருமணம் செல்லாதென்றது. அண்ணாதுரை மந்திரிசபை 1967-இல் சட்டம் செய்து, அது 1968 ஜனவரியில் அமுலுக்கு வந்த பிறகுதான், முன் நடந்தவை உட்பட எல்லாம் செல்லும் என்றாயிற்று. வெள்ளையரும் கறுப்பரும் மணப்பதைத் தடுத்த சட்டங்கள் செல்லாவென்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்னதும் அதே 1967-இல்தான் என்பதைத் தோழர் நினைவில் வைக்கட்டும்.

நடந்த இடத்தின் சட்டப்படி செல்லுகின்ற கலியாணத்தைப் பொதுவாக அந்த சர்க்காரும் ஒப்புக்கொள்ளுகின்றது. ஆகவே அவர் செய்ய வேண்டியது, 2009-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்வது; அன்று கூட இருந்த தோழர்களிடம், தங்கள் பேர், விலாசம், பிறந்த தேதி, பிறந்த இடம், இவர்களை எப்படித் தெரியும், என்ன பார்த்தோம் என்று விவரமாக எழுதிக் கையெழுத்து வாங்குவது. பெற்றோர் ஏன் வரவில்லையென்று கேட்டால் உள்ளதைச் சொல்லட்டும். ஜாதி என்று சொல்ல வெட்கப்பட வேண்டியவர் அவரல்லர்.

பேர் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். ஜாதிப் பட்டத்தை விட்டவர்கள் நாம். தகப்பன் பேரின் முதலெழுத்தே நமக்குப் போதும். அங்கோ குடும்பப் பேர் கேட்பார்கள். பள்ளிச் சான்றில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி என்றிருந்தால் முன்னாலேயே ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். தமிழில் உள்ள காகிதத்துக்கு, மொழிபெயர்த்தவர் சரியென்று கையெழுத்திட்ட இங்கிலீஷ் பிரதியும் சேர்க்க வேண்டும்.

அங்கு போய் இறங்கும் நாளில் கலியாணமாகி 2 வருஷம் நிறையவில்லையானால், முதலில் 2 வருஷத்துக்கே சீட்டுக் கொடுப்பார்கள். அது முடிவதற்கு முந்திய 90 நாளில் இருவரும் சேர்ந்து மறுபடி மனுப் போட வேண்டும். அப்போதும் இதே மாதிரி ருஜுக்களைத்தான் கேட்பார்கள். ஆதலால் வாடகை ரசீது முதல் பாங்கிக் கடிதம் வரை ஒன்றையும் கிழித்தெறியாமல் ஒரு பெட்டியில் போட்டு வைக்கும்படி தோழருக்கு எழுதியிருக்கின்றோம்.