பழகிவிடுமா?

“அந்தக் காலத்தில் ஏது அலர்ஜி? கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினால் பழகிவிடும்” என்கிறீர்கள்; பழம்பெருமைக்குச் சாட்சியாகத் திருமுக்கூடல் கல்வெட்டையும் இழுக்கிறீர்கள். சரி, அந்தக் கல்வெட்டையே படிப்போம். வீரராசேந்திர சோழன் காலத்து ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனையில் 15 படுக்கைகள். வைத்தியர், அறுவை செய்பவர், செவிலியர். ஓராண்டுக்கு வேண்டிய மருந்து இருப்பில். நோய் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை.

வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைக்குத் திருவிழாக் கூட்டத்தில் யாரோ கடலை மிட்டாய் நீட்டுகிறார். உதடு வீங்கி மூச்சு இழுக்கும்போது பழக்கமா உதவும்? தொடையில் போடும் அட்ரீனலின் ஊசிதான், உடனே 108. செட்ரிசின் தடிப்பை அடக்கும், மூச்சுக்குழாயைத் திறக்காது.

சத்துணவு முட்டை ஒவ்வாது என்று டீச்சரிடம் எழுதிக் கொடுக்கும் தாயை ‘ரொம்பத்தான் செல்லம்’ என்று சிரிக்கிறீர்களே! ஊட்டிப் பழக்கும் சிகிச்சையும் உண்டுதான். அதை டாக்டர் மேற்பார்வையில் செய்வார்கள், திண்ணையில் அல்ல.