ரெண்டு மழை பெய்யுற ஊருக்கு டேங்க் எதுக்கு?

மழைத்தண்ணி பிடிக்க டேங்க் வைக்கப் போறோம்னு சொன்னதும் பக்கத்து வீட்டு மாமா கேட்டார்: "ஏன் மக்ளே, இது என்ன ராமநாதபுரமா?"

அவர் கேட்டதுல நியாயம் இல்லாம இல்லை. இடவப்பாதி ஒண்ணு, ஐப்பசி கார்த்திகை ஒண்ணுன்னு வருஷத்துக்கு ரெண்டு மழை பார்க்கிற மாவட்டம் எங்களோடது. கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு போகம் நெல் விளைஞ்சதும் அந்தத் தண்ணியாலதான். புறவாசல்ல கிணறு, கிணத்துல மோட்டார், தெருவுல கார்ப்பரேஷன் குழாய். இதுக்கு மேல ஒரு டேங்க், அதுக்கு ஒரு மேடை, அதுக்கு நாலு பைப்... பணம் கொழுத்துப் போய்ச் செய்யுற வேலைன்னுதான் யாருக்கும் தோணும்.

என் கட்சி நேர் எதிர். ரெண்டு மழை பெய்யுற ஊர்லதான் மழை டேங்குக்கு முழு பிரயோஜனம். காரணம் சிம்பிள். டேங்க் எவ்வளவு பெரிசா வேணும்ங்கிறதைத் தீர்மானிக்கிறது வருஷத்துல மொத்தம் எவ்வளவு மழைங்கிறது இல்லை. ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவுல எத்தனை நாள் சும்மா வெயில் அடிக்குதுங்கிறதுதான். சென்னை மாதிரி வடகிழக்குப் பருவமழையையே பெரிசா நம்பியிருக்குற ஊர்ல, டிசம்பர்ல நிறைச்ச தண்ணியை மாசக்கணக்குல இழுத்துப் பிடிக்கணும். அதுக்கு வீட்டுக்கு அடியில பெரிய தொட்டி கட்டணும். எங்க ஊர்ல அப்படி இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்லா காயும். அப்புறம் கோடை மழை, ஜூன்ல இடவப்பாதி, அக்டோபர்ல அடுத்தது. சின்ன டேங்க் வருஷத்துல பல தடவை நிறையும், பல தடவை காலியாகும்.

கொஞ்சம் கணக்கு. (இஞ்சினியரிங் படிச்சதுக்கு இதுக்காவது உதவட்டும் :-)) ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தா ஒரு லிட்டர். இது ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சா போதும். எங்க மொட்டைமாடி 800 சதுர அடி, அதாவது 74 சதுர மீட்டர். தெறிச்சது, காய்ஞ்சதுன்னு 20 சதவீதம் கழிச்சுட்டா ஒரு மில்லிமீட்டருக்கு 60 லிட்டர் கிட்ட தேறும். 2000 லிட்டர் டேங்க் நிறைய 34 மில்லிமீட்டர் மழை போதும். வானிலை இலாகா 'கனமழை'ன்னு சொல்லணும்னா ஒரு நாள்ல 64.5 மில்லிமீட்டர் பெய்யணும். அப்போ கனமழை நாள்ல பாதி மழையிலேயே டேங்க் வழிஞ்சுடும். மாவட்டத்துல மேற்கே விளவங்கோடு பக்கம் மழை கூடுதல், கன்னியாகுமரி முனைப் பக்கம் குறைவு. ரொம்பக் குறைச்சு வருஷத்துக்கு 1000 மில்லிமீட்டர்னு வச்சாலும் எங்க ஒரு மாடியில மட்டும் 59,000 லிட்டர் விழுது. அதெல்லாம் இத்தனை நாளா ஓடையில போய்க்கிட்டிருந்தது.

2019-ல சென்னை வறண்டப்போ ஐ.டி. கம்பெனிகள் தண்ணி இல்லாம ஆட்களை வீட்டுல இருந்து வேலை பார்க்கச் சொன்னது ஞாபகம் இருக்கும். அந்த ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையில இருந்து முதல் தண்ணி ரயில் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். டி.வி.யில நேரலை எல்லாம் போட்டாங்க. எங்க மாடி கணக்குல அது 42 மொட்டைமாடியோட ஒரு வருஷத்து மழை. ஒரு தெரு!

சரி, நிறைஞ்ச தண்ணி எத்தனை நாளைக்கு? குடிக்க, சமைக்க மட்டும்னா நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர். 2000 லிட்டர் 50 நாள் வரும். மார்கழிக் கடைசியில நிறைச்சா மாசி பாதி தாண்டினதும் டேங்க் தட்டினா டொக்குனு சத்தம் கேக்கும். அந்த ஒரு மாசத்துக்கும் கொஞ்சம் மேல குழாய்த்தண்ணிதான், மறைக்க ஒண்ணுமில்லை. கேன் தண்ணி வாங்குறவங்க 2000 லிட்டர்னா 100 கேன்னு உங்க ஊர் விலையால பெருக்கிக்கோங்க. ஆனா கிணறும் குழாயும் இருக்குற வீட்டுல காசுக் கணக்கு மட்டும் பார்த்தா இந்த டேங்க் தேறாது. அதையும் ஒத்துக்கணும்.

பின்னே எதுக்கு? ஒக்கி.

2017 நவம்பர் 30. கடலுக்குப் போன மீனவங்க எத்தனையோ பேர் திரும்பி வரலை. அந்தத் துயரத்துக்கு முன்னால வீட்டுத் தண்ணிக் கஷ்டத்தைப் பேசுறது அல்பம்தான். ஆனா ஒரு விஷயம் அன்னிக்குப் புரிஞ்சது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்குல சாய்ஞ்சு கிடந்தது. பல இடத்துல கரண்ட் வர ஒரு வாரத்துக்கும் மேல ஆச்சு. கிணறு நிறையத் தண்ணி. மோட்டார் ஓடாது. கப்பியையும் கயிறையும் கழட்டி எறிஞ்சு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது, கிணத்து மேல இரும்பு வலை போட்டுப் பூட்டு வேற. வானத்துல இருந்து கொட்டுது, கிணத்துல நிக்குது, குழாயில மட்டும் வரலை. எங்க அம்மா முற்றத்துல அண்டாவை வச்சு மழையைப் பிடிச்சுத்தான் உலை வச்சாங்க.

நாங்க தண்ணிக்குப் பதிலா கரண்டை நம்பிக்கிட்டிருந்தோம்ங்கிறதுதான் விஷயம். இடுப்பு உசரத்துல டேங்க், அதுல ஒரு குழாய். திருகினா தண்ணி வரணும், அவ்வளவுதான். அதுக்குத்தான் செலவு. வயசானவங்க தனியா இருக்குற வீடுகள் எங்க ஊர்ல கொஞ்சமா இருக்கு? பிள்ளைங்க எல்லாம் வெளியூர்லயும் வளைகுடாவுலயும். அவங்க இனிமே கிணத்துல இறைக்க முடியாது.

இங்கே 2003 சட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை. ஜெயலலிதா ஆட்சியில அவசரச் சட்டம் போட்டு எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு ஆக்கினாங்க. செய்யலைன்னா குடிதண்ணி இணைப்பைத் துண்டிக்கலாம்னு கூட அதுல இருந்தது. நல்ல சட்டம், சந்தேகமே இல்லை. சென்னையில கிணறுகள்ல மட்டம் ஏறினதைப் பலரும் எழுதியிருக்காங்க. அதுக்கு முந்தின வருஷமே சேகர் ராகவன் அங்கே 'மழை இல்லம்' தொடங்கி மக்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சுட்டார். ஆனா எங்க ஊர்ல அந்தச் சட்டம் பெரும்பாலும் ஒரு குழி, அதுல கொஞ்சம் ஜல்லி, அதுக்குள்ள போற ஒரு பைப்னு முடிஞ்சுபோச்சு. இருபது வருஷத்துல அதைத் திறந்து பார்த்தவங்க எத்தனை பேர்? குழிங்கிறது வீட்டுக்காரன் கண்ணுக்குத் தெரியாத நன்மை. அடைச்சுக்கிட்டாலும் தெரியாது. டேங்க் அப்படி இல்லை. பைப் அடைச்சா அடுத்த நாளே குடத்தோட போன ஆள் சத்தம் போடுவார். பராமரிப்பு தானா நடக்கும். பிளான் அப்ரூவலுக்கு குழியோட ஒரு குழாயும் கேட்டிருந்தா இந்தச் சட்டம் வீட்டுக்குள்ள வந்திருக்கும்.

இப்ப வேலை நடந்த கதை. மொட்டைமாடியில தண்ணி இறங்க நாலு மூலையில நாலு ஓட்டை. பிளம்பர் அண்ணாச்சி, "பக்கத்துல இருக்குற ஒண்ணைச் சேர்த்தா போதும் தம்பி"ன்னார். மாடியோட வாட்டம் நாலு பக்கமும் பிரிஞ்சு கிடக்கும்போது ஒண்ணைச் சேர்த்தா கால்வாசித் தண்ணிதான் வரும். அரை மணி நேரம் வாதம் பண்ணி நாலையும் சுவத்தோரமா வாட்டம் கொடுத்துச் சேர்த்தோம். டேங்க் வைக்கப் போறவங்க முதல்ல மாடியில ஒரு வாளி தண்ணியை ஊத்தி அது எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க.

2000 லிட்டர்னா தண்ணி மட்டுமே ரெண்டு டன். ரெண்டு அடி உசரத்துக்குச் செங்கல் கட்டி, உள்ளே கல்லு நிரப்பி, மேலே கான்கிரீட். டேங்கோட அடி முழுசும் அதுல உக்காரணும். ஓரம் வெளியே நீட்டிக்கிட்டிருந்தா பிளாஸ்டிக் கீறிடும். அடுத்தது வழிஞ்சு போற பைப். உள்ளே வர்றது நாலு இஞ்ச், வெளியே போறது ஒரு இஞ்ச்னு வைக்கிறதுதான் இங்கே வழக்கம். பெருமழையில மூடி வழியா பொங்கி மேடைக்கு அடியில மண்ணை அரிச்சுடும். ரெண்டும் ஒரே அளவா இருக்கணும். டேங்க் கருப்பு நிறம், வெளிச்சம் உள்ளே போனா பாசி பிடிக்கும். குழாய் அடியில இருந்து நாலு இஞ்ச் மேலே, மண்டி அடியிலேயே தங்க.

முதல் மழை அழுக்கை ஒதுக்க ஒரு நீளமான பைப்பை நிறுத்தி வைக்கச் சொல்லுவாங்க. நாலு இஞ்ச் பைப் மூணு மீட்டர் நிறுத்தினா 25 லிட்டர் பிடிக்கும். 800 சதுர அடி மாடியில காக்கா எச்சமும் தென்னம்பூவும் கழுவ அது எந்த மூலைக்கு? அதனால ஒரு சாதா வால்வு. எப்பவும் வெளியே போற மாதிரி திறந்தே இருக்கும். மழை பிடிச்சு பத்து நிமிஷம் கழிச்சுக் குடையோட போய் மூடணும். அந்த இலாகா எங்க அம்மாவோடது. யாரையும் தொட விட மாட்டாங்க.

செலவு எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய். அதுல பாதி டேங்க்.

மாமா சொன்ன இன்னொரு ஆட்சேபம் கொசு. இதை மட்டும் நான் சிரிச்சுத் தள்ளலை. 2006-ல சிக்குன்குனியா வந்து மூட்டு மூட்டா முறிச்சுப் போட்டதை எங்க பக்கம் யாரும் மறக்கலை. டெங்குக் கொசுவும் நல்ல தண்ணியிலதான் முட்டை போடும். உள்ளே வர்ற வாய்க்கு மட்டும் வலை கட்டிட்டு வழிஞ்சு போற பைப் வாயை விட்டுடுறாங்க, கொசு அது வழியா வரும். ரெண்டுக்கும் கட்டணும். வலை விலை நூறு ரூபாய் கூட இல்லை. குடிக்கிற தண்ணியைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம்.

டேங்க் தரையில இருக்குறதால ஒரு குறையும் உண்டு. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சே, அந்த மாதிரி வெள்ளத்துக்கு முன்னால இது நிக்காது. தாழ்வான இடத்துல வீடு இருக்குறவங்க மேடையை உசத்தணும்.

அடுத்த வேலை, வழிஞ்சு போற தண்ணியைக் கிணத்துக்குத் திருப்புறது. திருச்சூர் மாவட்டத்துல 2008-ல 'மழப்பொலிமா'ன்னு கலெக்டர் ஆபீஸ் வழியா தொடங்கி, கூரைத்தண்ணியைப் பைப்புல வலை கட்டி நேரா வீட்டுக் கிணத்துக்கே விட்டாங்க. நம்ம ஊர்க் கிணறும் அதே மாதிரிதான், மனசு வச்சா ஒரு நாள் வேலை. இங்கேயோ போர் போட்டதும் கிணத்தைக் குப்பை போட்டு மூடுறாங்க.

இலங்கையில பதுளை, மாத்தறைப் பக்கம் தொண்ணூறுகள்ல 5000 லிட்டர் ஃபெரோசிமெண்ட் தொட்டி நிறைய கட்டினாங்க. கம்பி வலையில சிமெண்ட் பூசிக் கட்டுறது. ஈழத்து நண்பர்கள் யாராவது அதைப் பார்த்திருந்தா எழுதுங்களேன். இன்னமும் ஒழுகாம நிக்குதா? ரெண்டாவது டேங்க் பிளாஸ்டிக்கா அதுவாங்கிறதை அதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்.

பி.கு: கப்பியும் கயிறும் திரும்ப வாங்கிக் கிணத்துல மாட்டியாச்சு. பூட்டுச் சாவி இப்போ அடுக்களை ஆணியில தொங்குது.