பருப்பின் மேல் விழுந்த பழி

சென்ற மார்கழியில் கௌதள்ளியில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்பில் அவரைக்கொட்டைச் சாறு கொதித்து வீடெல்லாம் மணம். மாமாவின் தட்டில் மட்டும் ஒரு களி உருண்டையும் ஊறுகாயும். “யூரிக் ஆசிட் ஏழரையாம் மாப்ள. பருப்பே தொடக்கூடாதுன்னுட்டாங்க” என்றார். அவரது வலது கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கியிருந்தது. போர்வை நுனி பட்டாலே துடித்துப் போனார்.

மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையிலுள்ள அந்த ஊரில் மட்டுமல்ல, தமிழ் பேசும் எல்லா ஊரிலும் இதே உத்தரவுதான்: யூரிக் ஆசிட் ஏறினால் பருப்பையும் கீரையையும் நிறுத்து, இறங்கிவிடும். இந்த உத்தரவு தவறு. கறி எப்போதாவது எட்டும் வீட்டில் அன்றாடப் புரதமே பருப்புதான். அதைப் பறிக்கும் முன் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: யூரிக் அமிலமாக மாறும் பியூரின், பருப்பு போன்ற உணவிலிருந்து வரும் கெட்ட பொருள்.

பியூரின் இல்லாமல் உயிரே இல்லை. மரபணுவின் எழுத்துகளான அடினினும் குவானினும் பியூரின்களே. தசைக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறும் பியூரின் கொண்டது. பழைய செல்கள் அழியும்போது இவை சிதைந்து, சாந்தைன் ஆக்சிடேஸ் என்னும் நொதியால் யூரிக் அமிலமாகின்றன. உடம்பில் சேரும் யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இப்படி நம் உடம்பே செய்வது. பெரும்பாலான பாலூட்டிகளிடம் அதை மேலும் உடைக்கும் யூரிகேஸ் நொதி உண்டு. நம் குரங்கின மூதாதையர் ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே அதை இழந்துவிட்டார்கள். இந்தப் பாதையில் வேறு சில நொதிகள் பழுதானால் உயிருக்கே ஆபத்து. அடினோசின் டீஅமினேஸ் என்ற நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைக்கு நோய் எதிர்ப்பாற்றலே இராது. 1990இல் அமெரிக்காவில் முறையான அனுமதியுடன் முதல் மரபணு சிகிச்சை பெற்ற நான்கு வயதுச் சிறுமிக்கு இருந்தது இந்தக் குறைதான்.

இரண்டாம் வாதம்: யூரிக் அமிலப் படிகம் மூட்டில் சேர்ந்து வீங்கும் கௌட் நோயைப் பருப்பும் கீரையும்தான் கொண்டுவருகின்றன.

அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. இறைச்சியும் கடலுணவும் அதிகம் உண்டவர்களுக்குக் கௌட் கூடியது. பியூரின் மிகுந்த பட்டாணி, பயறு, கீரை உண்டவர்களுக்குக் கூடவில்லை. பால் பொருள்கள் உண்டவர்களுக்குக் குறைந்தது. சிங்கப்பூர்ச் சீனரிடையே நடந்த பெரிய ஆய்விலும் பயறு வகைகள் அதிகம் உண்டவர்களுக்குக் கௌட் குறைவாகவே வந்தது. குறைக்க வேண்டியவை ஈரல், ஆட்டுக்கறி, மத்தி, நெத்திலி, எல்லாவற்றுக்கும் மேலாக பீர்.

மாமாவின் கட்டிலருகே ஆரஞ்சு நிறப் பானம் ஒரு பெரிய பாட்டில் இருந்தது. “உடம்புச் சூடு தணியட்டும்னு” வாங்கியதாம். அந்த இனிப்பிலுள்ள ஃபிரக்டோஸ் கல்லீரலில் ஏடிபியை வேகமாகச் செலவழிக்கிறது. செலவான ஏடிபியின் மிச்சம் யூரிக் அமிலமாகிறது. சாற்றைத் தடுத்த வீடு பாட்டிலை விட்டுவிட்டது.

மூன்றாம் வாதம்: இது நன்றாகத் தின்பவர்களின் நோய்.

ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர் 16,760 பேரை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு வேறு சொல்கிறது. ஆளுக்கு ஆள் யூரிக் அமிலம் மாறுபடுவதில் உணவு முறையின் பங்கு 0.3 சதவீதத்தைத் தாண்டவில்லை. மரபணுவின் பங்கு ஏறத்தாழ 24 சதவீதம். பெரும்பாலோருக்குச் சிக்கல் வரவில் இல்லை, செலவில் இருக்கிறது: சிறுநீரகம் போதிய அளவு வெளியேற்றுவதில்லை. இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில சிறுநீர்ப் பெருக்கி மாத்திரைகளும், காசநோய்க்கான பைராசினமைடும் யூரிக் அமிலத்தை ஏற்றும். அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகளையெல்லாம் எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான்காம் வாதம்: ரிப்போர்ட்டில் எண் ஏறியிருந்தால் கௌட், ஏறாவிட்டால் கௌட் இல்லை.

இரண்டும் சரியல்ல. எண் மட்டும் ஏறி, வலியோ சிறுநீரகக் கல்லோ இல்லாத பலருக்கு மருந்தே தேவைப்படாது. மாறாக, மூட்டு வலி உச்சத்தில் இருக்கும்போது எண் சரியான அளவிலேயே இருக்கக்கூடும். வலி தணிந்து இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். ஐயமிருந்தால் மூட்டு நீரை எடுத்து நுண்ணோக்கியில் ஊசி போன்ற படிகங்களைத் தேடுவதே உறுதியான சோதனை.

ஐந்தாம் வாதம்: வலி நின்றதும் மாத்திரை எதற்கு?

வலியை அடக்கும் மருந்து வேறு, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்து வேறு. முதல் வகையைச் சேர்ந்த கொல்கிசின், தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உண்டு. கிழங்கை வீட்டில் அரைத்துக் குடித்தால் உயிர் போகும். இரண்டாம் வகை அலோபியூரினால், சாந்தைன் ஆக்சிடேஸைத் தடுப்பது. பியூரின் ஆராய்ச்சியில் அதை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1988இல் நோபல் பரிசு பெற்றார்கள். குறைந்த அளவில் தொடங்கி, யூரிக் அமிலம் 6க்குக் கீழே வரும்வரை மருத்துவர் கூட்டுவார். தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு அவரிடம் ஓட வேண்டும். மற்றபடி வலி நின்றது என்பதற்காக நிறுத்தினால், மூட்டில் படிகம் மறுபடி சேரும்.

உங்கள் வீட்டிலும் ஒரு தட்டிலிருந்து பருப்பு காணாமல் போயிருக்கலாம். அதைத் திருப்பி வையுங்கள். பாட்டிலையும் பீரையும் எடுத்துவிடுங்கள், ஒரு டம்ளர் மோர் கொடுங்கள். யூரிக் அமிலத்தோடு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்த்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். கட்டைவிரல் மூட்டில் சேர்ந்த படிகத்தைக் கரைக்க மருந்து இருக்கிறது. பட்டினி கிடந்து அது கரையாது.